எல்லை தாண்டிய சிறு வழக்கு: எந்த நாட்டு நீதிமன்றத்தில் போடுவது? ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு நெதர்லாந்திலுள்ள ஓர் இணையக் கடையில் கிரைண்டர் வாங்கினேன். விலை 289 யூரோ. பெட்டியைத் திறந்தால், கல்லில் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு வெடிப்பு. உடனே படம் எடுத்து அனுப்பினேன். "கொண்டுவந்தவர்களைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. நான்காவது மின்னஞ்சலுக்குப் பிறகு அதுவும் வரவில்லை. கடையின் விற்பனை நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். கடைசி வரியில், வழக்கு என்று வந்தால் ரொட்டர்டாம் நீதிமன்றம் மட்டுமே என்று எழுதியிருந்தது. ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இருந்துகொண்டு ரொட்டர்டாமுக்கு யார் அலைவது என்று இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வரி என்னைக் கட்டுப்படுத்தாது என்பது பிறகுதான் தெரிந்தது. என் வீட்டிலிருந்து ட்ராமில் இருபது நிமிடத்தில் இருக்கும் அம்ட்ஸ்கெரிக்டிலேயே, அதாவது உள்ளூர்க் கீழ் நீதிமன்றத்திலேயே, வழக்குப் போட்டேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உறவினர்கள், தெரிந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேருக்கு இப்படி வழக்குப் போடும் படிவத்தை நிரப்ப உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். தங்கள் பக்கம் நியாயம் இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எந்த ஊர் நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது என்பதுதான் தெரிவதில்லை. தெரியாததால் விட்டுவிடுகிறார்கள். 300 யூரோ, 800 யூரோ, சில நேரம் 3,000 யூரோகூட அப்படிப் போய்விடுகிறது.

ஆகவே நீதிமன்றத்தைத் தேர்வு செய்வதை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வழக்கு இந்த முறைக்குள் வருகிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை தாண்டிய சிறு தொகைகளுக்கென்றே தனி நடைமுறை ஒன்று இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் 861 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதி அதை உருவாக்கியது. 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் உச்சவரம்பு 2,000 யூரோவாக இருந்தது. 2017 ஜூலை 14 முதல் 5,000 யூரோ. வட்டியையும் செலவுகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வழக்கறிஞர் வைக்கவேண்டிய கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் எல்லாமே எழுத்தில் முடிந்துவிடும். நீதிமன்றம் அவசியம் என்று நினைத்தால்தான் நேரடி விசாரணை, அதையும் காணொளி வழியாக நடத்தலாம்.

டென்மார்க் தவிர்ந்த எல்லா ஒன்றிய நாடுகளிலும் இது உண்டு. இரு தரப்பில் ஒருவராவது, வழக்கு நடக்கும் நாடு அல்லாத வேறோர் ஒன்றிய நாட்டில் வசிக்க வேண்டும். நான் ஜெர்மனியில், கடை நெதர்லாந்தில், வழக்கு ஜெர்மனியில் என்றால் சரி. நானும் கடையும் ஜெர்மனியில் என்றால் அது வெறும் உள்நாட்டு வழக்கு.

சம்பளப் பாக்கி, விவாகரத்து, வாரிசுரிமை, அவதூறு போன்றவை இதற்குள் வராது. வாங்கிய பொருள், கொடுத்த முன்பணம், நடக்காத சேவை போன்றவை வரும். பணம் மட்டுமல்ல, "இன்னதைச் செய்து கொடு" என்றும் கேட்கலாம். அதன் மதிப்பு இவ்வளவு என்று ஒரு தொகையைக் குறிப்பிட்டால் போதும்.

சுவிட்சர்லாந்து, நோர்வே, பிரிட்டன் ஆகியவை இந்த முறைக்குள் இல்லை. நம்மவர்கள் அதிகமாக இருக்கும் நாடுகள் என்பதால் அவற்றைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: நீங்கள் நுகர்வோரா, எதிரில் இருப்பவர் வியாபாரியா?

எந்த நீதிமன்றம் என்பதை முடிவு செய்வது வேறொரு சட்டம். 2012-ஆம் ஆண்டின் 1215 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதி, பேச்சு வழக்கில் புரூசெல்ஸ் ஒழுங்குவிதி என்பார்கள். 2015 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பொது விதி, எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் வழக்குப் போடு என்பது. நுகர்வோருக்கு மட்டும் அதில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். 18-ஆம் பிரிவின்படி நுகர்வோர் தன் ஊரிலும் வழக்குப் போடலாம், வியாபாரியின் நாட்டிலும் போடலாம். தேர்வு நுகர்வோரின் கையில். வியாபாரி உங்கள்மேல் வழக்குப் போடுவதென்றால் உங்கள் நாட்டுக்குத்தான் வர வேண்டும்.

இந்த உரிமை கிடைக்க, நீங்கள் சொந்தத் தேவைக்காக வாங்கியிருக்க வேண்டும், விற்றவர் தொழிலாக விற்றிருக்க வேண்டும். தனிநபர் ஒருவர் தன் பழைய கேமராவை இணையத்தில் விற்றார், நீங்கள் வாங்கினீர்கள் என்றால் நுகர்வோர் விதி கிடையாது. சந்தைத் தளங்களில் வாங்கும்போது இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். உங்களோடு ஒப்பந்தம் செய்தது தளமா, அதில் கடை போட்டிருக்கும் யாரோ ஒருவரா என்பது பற்றுச்சீட்டில் இருக்கும். வழக்கு அந்தப் பெயர்மேல்தான்.

வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து வாங்கியிருந்தால்? ஆஸ்திரியாவில் ஒரு விவசாயி தன் பண்ணைக் கட்டடத்துக்கு ஜெர்மனிக் கடையில் ஓடு வாங்கினார். அந்தக் கட்டடத்தில் ஒரு பகுதி வீடு, ஒரு பகுதி தொழில். தொழில் பங்கு மிகமிகச் சிறியதாக இருந்தால்தான் நுகர்வோர் என்று சொல்ல முடியும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. உணவகம் நடத்துகிறவர் தன் நிறுவனத்தின் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு "வீட்டுக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்வது எடுபடாது.

மூன்றாம் படி: விமானமா? அப்படியானால் வேறு கதவு

போக்குவரத்து ஒப்பந்தங்களுக்கு நுகர்வோர் விதி பொருந்தாது. விமானம், பேருந்து, ரயில் எல்லாம் இதில் அடக்கம். பயணமும் தங்குமிடமும் ஒரே விலையில் சேர்ந்த சுற்றுலாப் பொதி மட்டும் விதிவிலக்கு, அதற்கு நுகர்வோர் உரிமை உண்டு.

விமானம் தாமதமானதற்கு 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு கேட்கும் வழக்குகளில், விமானம் புறப்பட்ட இடம், வந்திறங்கிய இடம் ஆகிய இரண்டில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மியூனிக்கிலிருந்து வில்னியஸ் போகவிருந்து ரத்தான விமானம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2009 ஜூலை 9-இல் வந்த தீர்ப்பு இது. விமான நிறுவனத்தின் தலைமையிடம் மூன்றாவது தெரிவு. ஆனால் இந்தத் தெரிவெல்லாம் ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிறுவனத்துக்குத்தான். வளைகுடா நிறுவனத்தில் கொழும்புக்கோ சென்னைக்கோ போனீர்கள் என்றால் சிறுதொகை நடைமுறை கிடைக்காது. நீங்கள் இருக்கும் நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இழப்பீட்டு உரிமை இருக்கலாம், படிவம்தான் வேறு.

நான்காம் படி: வியாபாரி உங்கள் நாட்டுக்கு "வந்தாரா"?

இந்தப் படியில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன, அல்லது விழுகின்றன.

உங்கள் ஊரில் வழக்குப் போடும் உரிமைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. வியாபாரி உங்கள் நாட்டில் தொழில் செய்திருக்க வேண்டும், அல்லது எந்த வழியிலாவது தன் தொழிலை உங்கள் நாட்டை நோக்கித் திருப்பியிருக்க வேண்டும். இணையதளம் உங்கள் நாட்டில் திறக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த இணையதளமும் எங்கேயும் திறக்குமே.

பிறகு எது போதும்? 2010 டிசம்பர் 7-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து அடையாளங்களைப் பட்டியலிட்டது. ஒன்று ஆஸ்திரிய விடுதி பற்றியது, மற்றது சரக்குக் கப்பலில் போகும் பயணம் பற்றியது. வியாபாரியின் நாட்டில் வழக்கமில்லாத மொழியோ நாணயமோ தளத்தில் இருக்கிறதா? தொலைபேசி எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடு போட்டிருக்கிறாரா? வேறு நாடுகளிலிருந்து வந்து சேர வழி சொல்லியிருக்கிறாரா? முகவரி டாட் காம், டாட் ஈயூ என்று இருக்கிறதா, அல்லது சொந்த நாட்டின் முடிவெழுத்து மட்டும்தானா? வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறாரா? தேடுபொறியில் உங்கள் நாட்டவருக்குக் காட்டும்படி விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருக்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலே வழக்கு வென்றுவிடும் என்றில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார்.

அக்காவின் மகள் கல்யாணத்தை வைத்து இதைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். கல்யாணம் ஜெர்மனியில் நடந்தது. படம் எடுத்தவர் பிரான்சில் பதிவு செய்த தொழில்காரர். 1,850 யூரோ முழுவதையும் கல்யாணத்தன்றே வாங்கிக்கொண்டார். பதினான்கு மாதம் ஆகியும் ஆல்பமும் வரவில்லை, காணொளியும் வரவில்லை. தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். "தம்பி, காசு போனால் போகட்டும். தாலி கட்டின படம் ஒன்றாவது கிடைக்குமா பார்" என்றாள் அக்கா.

அவருடைய தளத்தைத் திறந்து இருவரும் உட்கார்ந்தோம். முதல் பக்கத்திலேயே "ஐரோப்பா எங்கும் வருவோம்" என்று தமிழில் பெரிய எழுத்து. அதன் கீழே பாரிஸ், சூரிச், ஸ்டுட்கார்ட், ஹம், டோர்ட்முண்ட் என்று ஊர்ப் பெயர்கள். +33 என்று பிரான்சின் நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் எண். ஜெர்மனிக் கல்யாண மண்டபங்களில் எடுத்த மாதிரிப் படங்கள், மண்டபத்தின் பெயரோடு. பயணச் செலவு ஜெர்மனிக்கு இவ்வளவு என்று தனி வரி. தமிழில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஜெர்மனியை நோக்கியது என்று சொல்லிவிட முடியாது, தமிழர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறோம். ஆனால் அந்த ஊர்ப் பெயர்களும் பயணச் செலவு வரியும் பட்டியலிலுள்ள அடையாளங்களோடு அப்படியே பொருந்தின. எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் பிடித்து வைத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பயணச் செலவு வரியைக் காணவில்லை.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: சண்டை தொடங்குகிறது என்று தெரிந்த அன்றே, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் முன்னாலேயே, தளத்தின் முதல் பக்கம், தொடர்புப் பக்கம், விநியோகப் பக்கம், நிபந்தனைகள் எல்லாவற்றையும் பிடித்து வையுங்கள். பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த விளம்பரத்தையும் விடாதீர்கள்.

இரண்டு சந்தேகங்கள் அடிக்கடி வரும். "நான் அவர் கடைக்கே போய்த்தானே வாங்கினேன்?" பரவாயில்லை. ஆஸ்திரியாவில் வசித்த ஒரு பெண் ஹம்பர்க் போய்க் கையெழுத்துப் போட்டுக் கார் வாங்கினார். ஒப்பந்தம் தூரத்திலிருந்து நடந்திருக்க வேண்டியதில்லை என்று 2012 செப்டம்பர் 6-இல் தீர்ப்பு வந்தது. "நான் தளத்தைப் பார்க்கவே இல்லை, நண்பர் சொல்லிப் போனேன்" என்பது இரண்டாவது. அதுவும் பரவாயில்லை. சார்ப்ருக்கனில் வசித்த ஒருவர், எல்லைக்கு அந்தப்பக்கம் பிரான்சின் ஸ்பிக்கரனில் இருந்த பழைய கார் வியாபாரியைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லித்தான் போனார். ஆனால் வியாபாரியின் தளத்தில் ஜெர்மன் கைபேசி எண் ஒன்று நாட்டுக் குறியீட்டோடு இருந்தது. தளத்தைப் பார்த்துத்தான் வாங்கினார் என்று காட்ட வேண்டியதில்லை என்றது 2013 அக்டோபர் 17-இன் தீர்ப்பு.

உங்கள் நாட்டை நோக்கியது என்று காட்ட முடியாமல் போனால்? அப்போதும் கதவு முழுதாக மூடிவிடாது. அதே புரூசெல்ஸ் ஒழுங்குவிதியின் 7-ஆம் பிரிவின்படி, பொருள் என்றால் ஒப்பந்தப்படி அதைக் கொண்டுவந்து கொடுத்த, அல்லது கொடுத்திருக்க வேண்டிய இடத்திலும், சேவை என்றால் அது நடந்த இடத்திலும் வழக்குப் போடலாம். வீட்டு வாசலுக்கு வந்த பெட்டி என்றால் அது உங்கள் ஊராகவே இருக்கும். தனிநபரிடம் வாங்கியவர்களுக்கும் இதுதான் வழி.

ஐந்தாம் படி: நிபந்தனைகளில் வேறு நீதிமன்றம் எழுதியிருந்தால்

நுகர்வோர் விதி உங்களுக்குப் பொருந்துமானால், வாங்கும்போதே ஒப்புக்கொண்ட அந்த வரி உங்களைத் தடுக்காது. 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சண்டை வந்த பிறகு இருவரும் ஒத்துக்கொண்டால் செல்லும். அல்லது உங்களுக்குக் கூடுதல் நீதிமன்றங்களைத் தரும் வரியாக இருந்தால் செல்லும். என் ரொட்டர்டாம் வரி இரண்டிலும் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. சண்டை தொடங்கிய பிறகு கடை அனுப்பும் சமரசக் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் நீதிமன்றத்தைப் பற்றிய வரி இருந்தால் அது செல்லுபடியாகக்கூடும்.

ஆறாம் படி: இரண்டு கதவும் திறந்திருக்கும்போது எதைத் தேர்வது?

என் ஊரிலேயே போடலாம் என்று தெரிந்ததும் எல்லோரும் உடனே அங்கே ஓடுகிறார்கள். பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசியுங்கள்: தீர்ப்புக் கிடைத்த பிறகு பணத்தை எங்கே போய் வசூலிப்பது?

சொந்த ஊரில் போடுவதில் பெரிய நன்மை மொழி. படிவத்தையும் பதில்களையும் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் மொழியில்தான் கொடுக்க வேண்டும். டோர்ட்முண்டில் என்றால் ஜெர்மன், லியோனில் என்றால் பிரெஞ்சு. ரசீது, மின்னஞ்சல் போன்ற இணைப்புகள் வேறு மொழியில் இருந்தால், தீர்ப்புக்கு அவசியம் என்று நினைத்தால்தான் நீதிமன்றம் மொழிபெயர்ப்புக் கேட்கும். தமிழில் போன வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் முக்கியச் சாட்சி என்றால் அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அக்காவின் வழக்கில் நாற்பது செய்திகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தோம். "அடுத்த மாதம் கட்டாயம் தருகிறேன் அக்கா" என்று அவர் எழுதிய ஒரே செய்தி மற்ற எல்லாவற்றுக்கும் சமம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு, தனக்குப் புரியாத மொழியிலோ தன் நாட்டு மொழி அல்லாத மொழியிலோ ஆவணம் வந்தால் அதை ஏற்க மறுக்கும் உரிமை உண்டு. அப்போது மொழிபெயர்ப்பு உங்கள் தலையில் வரும். ஜெர்மன் மொழியிலேயே கடை நடத்துகிறவர் ஜெர்மன் புரியாது என்று சொல்வது கஷ்டம். பிரெஞ்சும் தமிழும் மட்டும் பேசுகிற தனித் தொழில்காரர் சொல்லக்கூடும்.

நீதிமன்றக் கட்டணமும் நாட்டுக்கு நாடு வித்தியாசப்படும். அந்த நாட்டின் உள்நாட்டுச் சிறு வழக்குக்கு வாங்குவதைவிட அதிகமாக வாங்கக்கூடாது என்பது விதி, ஆனால் அந்த உள்நாட்டுக் கட்டணமே சில நாடுகளில் அதிகம். முதலில் கட்டுவது நீங்கள். தோற்றவர்தான் கடைசியில் செலவைச் சுமப்பார், அதுவும் தேவையற்ற அல்லது தொகைக்குப் பொருந்தாத செலவு என்றால் திரும்பக் கிடைக்காது. 300 யூரோ வழக்குக்கு 900 யூரோ வழக்கறிஞர் வைத்தால் அந்த 900 உங்களுடையதுதான்.

இனி வசூல். ஒன்றியத்துக்குள் இந்த நடைமுறையில் கிடைத்த தீர்ப்பு, இடையில் எந்த அனுமதியும் இல்லாமல் மற்ற நாடுகளில் செல்லும். ஆனால் செல்வதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல. பாரிசில் கணக்கு வைத்திருப்பவரிடம் வசூலிக்க, பிரான்சில் இருக்கும் கொம்மிசேர் த ஜுஸ்டிஸ் (தீர்ப்புகளை நிறைவேற்றும் அதிகாரி) ஒருவரை நீங்களே பிடிக்க வேண்டும். ஆகவே என் கணக்கு இப்படி: எதிரில் இருப்பது பெயருக்குப் பயப்படும், தொடர்ந்து உங்கள் நாட்டில் விற்க விரும்பும் கடை என்றால் யோசிக்காமல் உங்கள் ஊரில் போடுங்கள், தீர்ப்பு வந்ததும் கொடுத்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் ஏற்கெனவே தலைமறைவு போல நடக்கும் தனிநபர், அவர் நாட்டின் மொழி உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ தெரியும், அங்கே உதவிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்றால் அவர் நாட்டிலேயே போடுவதை நன்றாக யோசித்துப் பாருங்கள். வழக்கும் வசூலும் ஒரே நாட்டில், ஒரே மொழியில் முடியும். நிறுவனமே திவாலாகிவிட்டது என்றால் எந்தக் கதவும் உதவாது. அப்போது திவால் நடைமுறையில் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். வழக்குப் போடும் முன் அந்த நாட்டின் நிறுவனப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியான முகவரியும் அங்கேதான் கிடைக்கும்.

அக்கா ஜெர்மனியையே தேர்ந்தாள். படம் எடுத்தவர் மாதத்துக்கு இரண்டு கல்யாணமாவது இந்தப் பக்கம் செய்கிறவர், ஜெர்மனித் தீர்ப்பு ஒன்று தன் பெயரில் இருப்பதை விரும்ப மாட்டார் என்பது எங்கள் எண்ணம்.

ஏழாம் படி: நாடு சரி, எந்த ஊர்?

வியாபாரியின் நாடு என்று முடிவு செய்தால், எந்த ஊர் நீதிமன்றம் என்பதை அந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம் சொல்லும். உங்கள் பக்கம் என்றால், 18-ஆம் பிரிவு "நுகர்வோர் வசிக்கும் இடத்து நீதிமன்றம்" என்கிறது. நாட்டை மட்டுமல்ல, ஊரையும் அதுவே தீர்மானிக்கிறது என்று 2024 ஜூலை 29-இல் ஒரு சுற்றுலாப் பொதி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. பயணியும் சுற்றுலா நிறுவனமும் ஒரே நாட்டில் இருந்தாலும், போன இடம் வெளிநாடு என்றால் இந்த உரிமை பொருந்தும்.

ஆனால் சில நாடுகள் இந்த வழக்குகளை ஒரே நீதிமன்றத்துக்கு ஒதுக்கிவிட்டன. பின்லாந்தில் எல்லாமே ஹெல்சின்கி மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான். ஆகவே உங்கள் ஊர் நீதிமன்றத்தின் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஐரோப்பிய ஈ-ஜஸ்டிஸ் தளத்தில் நாட்டையும் அஞ்சல் எண்ணையும் கொடுத்துத் தேடினால் சரியான நீதிமன்றம் வரும். படிவங்களும் அங்கேயே எல்லா ஒன்றிய மொழிகளிலும் இருக்கின்றன.

எட்டாம் படி: தேர்வைப் படிவத்தில் எழுதுவது

நிரப்ப வேண்டியது ஏ படிவம். அதன் 4-ஆம் பகுதி, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பதாக ஏன் நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பெட்டிகள் கொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பின் வசிப்பிடம், நுகர்வோரின் வசிப்பிடம், கடமையை நிறைவேற்றும் இடம் என்று வரிசையாக இருக்கும். நான் முதல் தடவை அவசரத்தில் முதல் பெட்டியில் குறியிட்டுவிட்டேன். டோர்ட்முண்டில் வழக்கைப் போட்டுவிட்டு, எதிர்த்தரப்பு இங்கே வசிக்கிறது என்று எழுதியதாக ஆகியிருக்கும். கையெழுத்துக்கு முன் மனைவிதான் கண்டுபிடித்தாள். என் நிலையில் சரியானது நுகர்வோரின் வசிப்பிடம் என்ற இரண்டாவது பெட்டி.

5-ஆம் பகுதி எல்லை தாண்டியது என்பதற்கானது: உங்கள் நாடு, அவர் நாடு, நீதிமன்றத்தின் நாடு. 8-ஆம் பகுதியில் நடந்ததை எழுதும்போது, குறையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "எதிர்த்தரப்பின் தளம் ஜெர்மன் மொழியில் உள்ளது, ஜெர்மனிக்கு விநியோகக் கட்டணம் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளது, இணைப்பு 3" என்று இரண்டு வரி கட்டாயம் எழுதுங்கள். நீதிபதி தன் அதிகாரத்தைத் தானாகவே சரிபார்ப்பார். அவருக்கு வேண்டியதை நீங்களே கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வெளிப்படையாகவே அதிகாரமில்லாத இடத்தில் போட்டால் வழக்கைத் தள்ளிவிடலாம், கட்டணமும் மாதங்களும் வீண். காலாவதி நெருங்கிய கோரிக்கை என்றால் அது பெரிய இழப்பு.

நிரப்புவதில் சந்தேகம் என்றால், உதவி கிடைக்கச் செய்வது நாடுகளின் கடமை என்று ஒழுங்குவிதியே சொல்கிறது. நீதிமன்ற அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

போட்ட பிறகு

படிவம் சரியாக இருந்தால் 14 நாட்களுக்குள் நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு அனுப்பும். குறை இருந்தால் பி படிவத்தில் உங்களிடம் கேட்கும், கொடுத்த கெடுவுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள். பதில் வந்தால் 14 நாட்களுக்குள் உங்களுக்குப் பிரதி வரும். அதன் பிறகு 30 நாட்களுக்குள் தீர்ப்பு, அல்லது மேலும் விவரம் கேட்டுக் கடிதம், அல்லது விசாரணைக்கு அழைப்பு. நடைமுறையில் இதைவிட அதிகம் இழுக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை" என்று எதிர்த்தரப்பு எழுதினால் பதறவேண்டாம், நீங்கள் சேர்த்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அந்த நாளுக்குத்தான்.

சுவிட்சர்லாந்து, நோர்வே, பிரிட்டன்

சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து மூன்றும் ஒன்றியத்தோடு 2007-இன் லுகானோ உடன்படிக்கையில் இருக்கின்றன. நுகர்வோர் தன் ஊரில் வழக்குப் போடும் உரிமை அதிலும் ஏறத்தாழ அப்படியே உண்டு. சூரிச்சில் இருப்பவர் ஜெர்மனிக் கடைமேல் சூரிச்சிலேயே போடலாம், ஆனால் ஏ படிவம் கிடையாது, உள்நாட்டு நடைமுறைதான். தீர்ப்பை மற்ற நாட்டில் நிறைவேற்ற அந்த நாட்டின் ஒப்புதல் என்ற ஒரு படி கூடுதல்.

பிரிட்டனுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு எல்லாம் மாறிவிட்டது. லண்டன் கடை ஜெர்மனியை நோக்கி வியாபாரம் செய்திருந்தால், நீங்கள் ஜெர்மனியில் வழக்குப் போடும் உரிமை இன்னும் இருக்கிறது. ஆனால் சிறுதொகை நடைமுறை இல்லை. அங்கே போய் வசூலிப்பதும் எளிதல்ல. வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்பது பற்றிய 2019-இன் ஹேக் தீர்ப்பு உடன்படிக்கை 2025 ஜூலை 1 முதல் பிரிட்டனிலும் நடைமுறையில் இருந்தாலும், வாதி வசிக்கும் ஊர் என்ற காரணத்தால் மட்டும் கொடுத்த தீர்ப்பை அதை வைத்து நிறைவேற்ற முடியாது. லண்டன், பர்மிங்ஹாம் கடைகள் என்றால் இங்கிலாந்தின் சிறு வழக்குப் பிரிவிலேயே போடுவதைத்தான் நான் சொல்வேன். அங்கே வரம்பு 10,000 பவுண்டு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கடிதம்

கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இது. ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும், நோர்வேயிலும் ஐஸ்லாந்திலும் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் உள்ளன. இலவசம். ஜெர்மனியின் மையம் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு எதிரே கேல் நகரில் இருக்கிறது. உங்கள் நாட்டு மையத்துக்கு எழுதினால், வியாபாரியின் நாட்டு மையம் அவரோடு பேசிப் பார்க்கும். பழைய நிபந்தனைப் பக்கங்களில் இன்னும் தென்படும் ஒன்றியத்தின் இணையவழிச் சமரசத் தளத்தைத் தேட வேண்டாம், அது 2025 ஜூலை 20-இல் மூடப்பட்டுவிட்டது. அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்கவும் மறக்காதீர்கள், அதற்கும் கெடு உண்டு.

கிரைண்டர் வழக்கில் கடை பதிலே அனுப்பவில்லை, தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்போடு டி படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் வசூலிக்க அந்தச் சான்றிதழ்தான் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எந்த ஒன்றிய மொழியில் வேண்டும் என்றும் கேட்கலாம், அச்சிட்ட பகுதிகள் அந்த மொழியில் வரும். நான் டச்சு மொழியில் கேட்டேன். அதன் பிரதியை வைத்து, பதினான்கு நாள் கெடு சொல்லி, கடைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதினோராம் நாள் 289 யூரோவும் நீதிமன்றக் கட்டணமும் வங்கிக் கணக்கில் இருந்தன.

அக்காவுக்கு அது வரை போகவேண்டி வரவில்லை. ஏ படிவம் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், அனுப்பியவர் பெயரில்லாத ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு வன்தட்டு, 2,300 படங்கள்.